கருப்பு வெள்ளையில் அப்பா

அப்பா காணாமல் போன மறுநாள் நான் செய்த போஸ்டர் அழகாக இருந்தது. நான் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான் என்று இப்போதும் சொல்வேன். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் கேட்டைப் பூட்ட மறந்தவள் நான். ஆனையூர் வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அப்பா ஆசீர்வாதத்துக்கு வயது எழுபத்தொன்று. மிஷன் பள்ளியில் கிளார்க்காக இருந்தவர். மூன்று வருடமாக மறதி. ஜெனிஷா என்கிற என் பெயர் சில நாள் அவருக்கு ஞாபகம் இருக்கும், சில நாள் இருக்காது. பத்து மணிக்கு அவரைப் பார்த்துக்கொள்ள வரும் பக்கத்து வீட்டு அக்கா போன் செய்து, "கேட்டு தொறந்து கெடக்கு ஜெனி, அப்பாவக் காணோம்" என்றார்.

போலீசில் எழுதிக் கொடுத்தோம். பிறகு எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்ய உட்கார்ந்தேன்.

நான் அழகுராஜா அண்ணன் கடையில் பிளக்ஸ் டிசைன் செய்கிறேன். காதணி விழா, பூப்புனித விழா, புதுக்கடை திறப்பு. ஒரு பிளக்ஸில் நாற்பது மாமன் மச்சான் முகம், பின்னால் உறுமும் சிங்கம், தங்க நிற எழுத்து, எழுத்துக்கு நிழல், நிழலுக்கும் ஒரு பார்டர். பார்த்தாலே எனக்குத் தலை வலிக்கும். ஆறு மாதம் டிசைன் வகுப்புக்குப் போய்ப் படித்தவள் நான். காலி இடமும் பேசும், குறைவாகச் சொன்னால் ஆழமாகப் பதியும் என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். நான்கு வருடமாக அந்தப் படிப்பைக் காட்ட ஒரு வாடிக்கையாளரும் வாய்க்கவில்லை. அப்பாவுக்காகக் காட்டினேன்.

வெள்ளைப் பின்னணி. நடுவில் அப்பாவின் முகம், பணி ஓய்வு விழாவில் எடுத்தது, லேசாகச் சிரித்தபடி. கருப்பு வெள்ளை. கீழே மெல்லிய எழுத்தில் பெயரும் வயதும். அதற்குக் கீழே, முகத்தோடு போட்டி போடாத அளவில், 'காணவில்லை'. ஓரத்தில் வீட்டு முகவரியும் என் நம்பரும்.

"கலர்ல போடலாம்லம்மா?" என்றார் அழகுராஜா அண்ணன்.

"உங்களுக்கு இதெல்லாம் புரியாதுண்ணே" என்றேன்.

அவர் இருநூறு காப்பி அடித்துக் கொடுத்தார். அன்று மதியத்துக்குள் ஊரெல்லாம் ஒட்டினோம். வாட்ஸ்அப் குரூப்புகளிலும் போட்டேன். கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. அப்பா கிடைக்கத்தான் இத்தனை பேர் ஜெபிக்கிறார்கள் என்று நினைத்து, ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னேன்.

போன் வரவில்லை. வியாழக்கிழமை முழுக்க அதைக் கையிலேயே வைத்திருந்தேன். சாயங்காலம் ஒன்று வந்தது. யாரோ பெரியவர், பாசமான குரல். "அடக்கம் எப்பம்மா? எந்த சர்ச்சு?" என்று கேட்டார். வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வைத்தேன். கண் தெரியாதவன் எல்லாம் எதற்குப் போன் வைத்திருக்கிறான் என்று அன்றைக்கெல்லாம் பொருமினேன்.

வெள்ளிக்கிழமை காலை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகச் சுற்றினேன். வண்டியூர் தெப்பக்குளத்துக்கு எதிரே ஒரு டீக்கடைச் சுவரில் எங்கள் போஸ்டர் இருந்தது. அப்பாவின் நெற்றிக்கு மேலே ஒரு முழம் கதம்பம் தொங்கியது. வண்டியைச் சாத்திவிட்டுக் கடைக்குள் போனேன்.

"யாரு இங்க பூ வச்சது?"

"நாந்தேன்" என்றார் கடைக்காரர் நல்லகாமன். "நல்ல மொகமா இருந்துச்சு. சும்மா விட மனசு வரல. சொந்தமாம்மா?"

"காணவில்லைன்னு போட்டிருக்கேன்ல? படிக்க மாட்டீங்களா?"

அவர் டம்ளரை வைத்துவிட்டு, சுவருக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, எழுத்தெழுத்தாகப் படித்தார். அவர் முகம் வெளிறியது. அவசரமாகப் பூவை எடுத்தார்.

"தப்பா நெனைக்காதம்மா. நம்ம ஊருச் செவுத்துல ஒரு ஆளு கருப்பு வெள்ளையில தனியாச் சிரிச்சா வேற என்னான்னு நெனைக்கிறது? எழுத்த யாரு கிட்ட வந்து படிக்கப் போறா?"

சுவரை நிமிர்ந்து பார்த்தேன். அந்தச் சுவரிலேயே நான்கு கண்ணீர் அஞ்சலிகள் இருந்தன. எங்கள் அப்பா ஐந்தாவது. உயிரோடு எங்கோ அலைந்துகொண்டிருக்கும் மனிதரை, காலி இடமெல்லாம் விட்டு, அளவெடுத்து, இருநூறு இடத்தில் நானே சாகடித்திருந்தேன்.

"இதே போஸ்டரு இன்னொன்னும் ஒட்டியிருந்துச்சு" என்றார் நல்லகாமன் தயங்கியபடி. "முந்தாநேத்து சாயந்தரம் ஒரு பெரியவரு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே நின்னாரு. அப்புறம் மெதுவா உரிச்சு மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு நடந்துட்டாரு. தெரிஞ்சவரு போலன்னு விட்டுட்டேன்."

"ஆளு எப்படி இருந்தாரு?"

"மொகத்தப் பாக்கல. முதுகுதேன் தெரிஞ்சுச்சு. பச்சக் கோடு போட்ட சட்டை. இடது தோளு எறங்கி, ஒரு பக்கமாச் சாஞ்சு சாஞ்சு நடந்தாரு."

அது அப்பாவின் நடை. தன் முகத்துக்கு முன்னாலேயே நின்ற அவரைத் தவறவிட்டிருந்தோம்.

அண்ணன் கடைக்குப் பறந்தேன். தெருவில் போகிறவரை யார் முகத்துக்கு நேரே நின்று பார்க்கிறார்கள்? நடை, சட்டை, தோள், இவைதானே கண்ணில் படும். அப்பா எப்போதும் ஒரே துணியில் இரண்டு சட்டை தைத்துக்கொள்வார். வீட்டிலிருந்த இன்னொரு பச்சைக்கோடு சட்டையைக் கொண்டுவந்து அழகுராஜா அண்ணனிடம் நீட்டினேன்.

"போட்டுக்கிட்டு திரும்பி நில்லுங்கண்ணே. இடது தோள எறக்குங்க. இன்னும். ஒரு கால முன்னால வைங்க."

அவர் தொப்பையை எக்கிக்கொண்டு நின்றார். "உங்கப்பா மாதிரி இருக்காம்மா?" என்று முதுகைக் காட்டியபடியே கேட்டார். இருந்தது. போனை எடுத்து அந்த முதுகைப் படம் பிடித்தேன்.

மஞ்சள் பின்னணி. பிளக்ஸ் முழுக்க அந்த முதுகு. சிவப்பில், கையகல எழுத்தில்: 'இப்படி நடந்து போறவரப் பாத்தீங்களா?' மூலையில் அப்பாவின் முகம், கலரில். எழுத்துக்கு நிழல் போட்டேன். நிழலுக்கு பார்டரும் போட்டேன். படித்த வகுப்பில் காட்டினால் வெளியே போகச் சொல்வார்கள். நாற்பது பிளக்ஸ் அடித்து, சுற்றுவட்டாரத்தில் பஸ் போகும் ஊர்களிலெல்லாம் அன்று இரவே கட்டினோம்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு போன் வந்தது. உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிக்காய் விற்கும் பேச்சிமுத்து.

"பிளக்ஸ்ல இருக்கிற முதுகு இங்கதாம்மா நடந்துக்கிட்டிருக்கு. பஸ்ஸு மாறி ஏறி வந்துட்டாரு போல. ஆனையூருக்கு எந்த பஸ்ஸுன்னு ஒவ்வொருத்தரா கேக்குறாரு. யாரோ எறந்துட்டாராம், கேதத்துக்குப் போகணுமாம். கையில ஒரு துட்டி போஸ்டரு வச்சிருக்காரு."

அண்ணன் பைக்கை விரட்டினார். செக்கானூரணி தாண்டியும் வேகம் குறையவில்லை.

பேச்சிமுத்து அவரைக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார். சட்டை அழுக்காகி, நரைத்த தாடி முளைத்து, பாதம் வெடித்திருந்தது. மடியில் நான் செய்த அந்தப் போஸ்டர், நான்காக மடித்து மடித்து நைந்து போயிருந்தது. நான் அழுதுகொண்டே அவர் முன்னால் போய் நின்றேன். அவர் என்னையும் போஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தார். மெதுவாக எழுந்தார். துக்க வீட்டில் ஆண்கள் நீட்டுவதுபோல இரண்டு கையையும் சேர்த்து என் முன்னால் நீட்டினார்.

"நீதான் மகளாம்மா?"

தலையாட்டினேன்.

"அழாத. நல்ல மனுசன். எனக்கு ரொம்பப் பழக்கம். பாத்த ஒடனே கெளம்பிட்டேன். வீடுதான் எங்கன்னு தெரியல."

நீட்டிய கைகளை இரண்டு கையாலும் தொட்டு வாங்கினேன். விடவில்லை.

"வாங்க" என்றேன். "எனக்கு வீடு தெரியும்."