சம எடை

கனகாம்பரம் விலை ஏறியிருந்த ஒரு தை மாதச் சனிக்கிழமை, திருத்தணி மலை உச்சிக்கும் அடிவாரத்துக்கும் நடுவே கோதண்டமும் கமலாவும் அந்தரத்தில் எதிரெதிராக நின்றார்கள். இருவரும் கணவன் மனைவி. சில வருடங்களாகப் பேச்சில்லை. கிணற்று மோட்டார் எரிந்துபோனது யாரால் என்று தொடங்கிய சண்டையில் கோதண்டம் மலையேறிப் போய், பக்தர்களின் செருப்புகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் உட்கார்ந்துவிட்டார். கமலா மேலே வந்து கூப்பிட்டால்தான் இறங்குவேன் என்று சொல்லி அனுப்பினார். ஏறத் தெரிந்தவருக்கு இறங்கவும் தெரியும் என்று கமலா பதில் அனுப்பினாள். அந்தச் சொற்களைச் சுமந்து ஏறி இறங்கியதிலேயே அவர்கள் மகள் கனிமொழி ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புக்கு வந்திருந்தாள்.

அவளுடைய பள்ளியில் அறிவியல் ஆசிரியை நிர்மலா சனிக்கிழமைகளில் புத்தகத்தை மூடி வைக்கச் சொல்வார். பிள்ளைகள் ஐஸ் குச்சியில் பாலம் கட்டினார்கள், ஊசிக் குழாய்களில் தண்ணீர் நிரப்பிக் குட்டி ஜேசிபியின் கையைத் தூக்கவைத்தார்கள். கனிமொழி நனைத்த செய்தித்தாளும் களிமண்ணும் குழைத்து ஒரு மலை செய்தாள். உச்சியில், விசைத்தறியில் கழித்துப்போட்ட நூல்கட்டை ஒன்று சக்கரமாகச் சுழன்றது. அதன்மேல் போட்ட நூலின் இரு முனைகளிலும் தீப்பெட்டிகள், ஒன்று மேலே, ஒன்று கீழே.

"ஒண்ணு எறங்குனாதான் இன்னொண்ணு ஏறும். மோட்டாரே வேணாம்" என்றார் நிர்மலா.

கனிமொழி கீழ்ப்பெட்டியில் ஒரு புளியங்கொட்டையை வைத்து அம்மா என்றாள். மேல்பெட்டியில் இன்னொன்றை வைத்து நைனா என்றாள். பிறகு சக்கரத்தை மெதுவாகத் தள்ளினாள்.

அடிவாரத்து வீட்டு மொட்டைமாடியில் மல்லாட்டைக் கடலையைக் காயவைத்துக்கொண்டிருந்த கமலா, முறத்தோடு மேலே எழும்பினாள். அதே நேரம் கோதண்டம் யாருடைய செருப்பையோ கையில் பிடித்தபடி மலையோரத்திலிருந்து கீழே மிதந்து வந்தார். காற்று வெதுவெதுப்பாக இருந்தது. நடுவழியில் இருவரும் நின்றுபோனார்கள். அரக்கோணம் பஸ் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கிளம்பியது.

வெகுநேரம் இருவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கமலாதான் கேட்டாள்.

"இன்னாய்யா, இப்படி எளச்சிட்ட? சரியா துன்றதில்லியா?"

"துன்னுகினுதான் இருக்கேன்" என்றார் அவர்.

செய்தி வகுப்புக்கு ஓடிவந்தது. நிர்மலா மாதிரியைக் குனிந்து பார்த்தார். "ரெண்டும் சம எடை, அதான் நிக்குது. ஒண்ணுல கொஞ்சம் மண் போடு, நகரும்."

கனிமொழி மண்ணை அள்ளினாள். எந்தப் பெட்டியில் போடுவது? நைனா பெட்டியில் போட்டால் அவர் கீழே வருவார், அம்மா மேலே போய்விடுவாள். மாற்றிப் போட்டாலும் பழையபடி அவர் உச்சியில், அம்மா அடிவாரத்தில். எப்படியும் இருவரும் ஒருவரையொருவர் தாண்டித்தான் போவார்கள். கை அப்படியே நின்றது. அப்போது கட்டையின் விளிம்பில் நூல் பிரியத் தொடங்கியது.

"மிஸ், அறுந்துடும்!"

"அறுந்தா வுழும். வுழாம இருக்க இன்னா பண்ணணும், யோசி."

கனிமொழி அழுதுகொண்டே களிமண்ணைப் பிசைந்து மலையின் நடுப்பக்கத்தில் அப்பினாள். இரண்டு பெட்டிகளும் அடியில் தட்டி உட்காரும்வரை அப்பினாள். கடைசியில் கட்டைவிரலால் அழுத்திச் சமமாக்கினாள். நூல் அறுந்தது. பெட்டிகள் அசையவில்லை.

கோதண்டத்தின் காலுக்கும் கமலாவின் காலுக்கும் கீழே தரை வந்து தட்டியது. கமலா முறத்தை இறக்கி வைத்து, அவருக்கும் கொஞ்சம் மல்லாட்டை உரித்துக் கொடுத்தாள். இருவருமே அதற்கு மேல் ஏறவுமில்லை, கீழே இறங்கவுமில்லை.

வரைபடத்தில் இல்லாத அந்த மேட்டை ஒருநாள் சர்வேயர் வந்து அளந்து எழுதிக்கொண்டு போனார். அங்கே இப்போது அவர்களுடைய வீடும் டீக்கடையும் இருக்கின்றன. கனிமொழி திண்டிவனத்தில் இன்ஜினியரிங் படிக்கிறாள். கடைக்குப் பின்னால், பாறையில், ஒரு மாட்டுவண்டி நிற்கக்கூடிய அளவுக்குப் பெரிய கட்டைவிரல் ரேகை பதிந்திருக்கிறது. மழை பெய்தால் அதன் கோடுகளில் தண்ணீர் தேங்கும். மைனாக்கள் வந்து குடித்துவிட்டுப் போகும்.