பீட்ரூட் குடிக்கும் நேரம்

குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று புருஷன் மூக்கிலிருந்து கிளிப்பைக் கழற்றினான். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டினான். "ஐ ஆம் ஓகே" என்றான். கிளிப்பை மறுபடி மாட்டிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தான். வாடகை அறையின் கதவு எதுவும் சரியாக மூடாது. கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த அவளுக்கு அவனுடைய பாதி முகம் தெரிந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு கயிற்றோடு கயிறாகக் கடலுக்குள் இறங்கி, அடியில் தொங்கும் தட்டிலிருந்து ஒரு சீட்டைப் பிய்த்துக்கொண்டு வருகிறவன், மேலே வந்ததும் இந்த மூன்றையும் இதே வரிசையில் செய்துகாட்ட வேண்டும். வரிசை பிசகினால் பாதாளம் வரை போய்வந்திருந்தாலும் செல்லாது. நன்றாக இருக்கிறேன் என்று சொல்வதற்கு மார்க் போடுகிற விளையாட்டு உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். கல்யாணமான பெண்களை இதில் இறக்கிவிட்டால் ஆண்கள் கையில் ஒரு சாதனையும் மிஞ்சாது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். வாரமெல்லாம் ஊராரை மேலேயும் கீழேயும் அனுப்பிவிட்டு, விடுமுறை வந்தால் தானே கீழே போய் மேலே வருவான். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பார்த்து நம்பர் சொல்கிறவள். பலகையின் கடைசி வரி தெரியாமலே "தெரியுதே" என்கிறவர்களைத் தினமும் பார்க்கிறவள். வாய் தெரிகிறது என்று சொல்லும். கழுத்து மட்டும் அதற்கு ஒரு கணம் முன்னால் லேசாக நீளும், தொண்டை ஒருமுறை ஏறி இறங்கும். இத்தனை வருஷத்தில் அவள் வாய்களை நம்புவதை விட்டுவிட்டுக் கழுத்துகளை மட்டும் நம்ப ஆரம்பித்திருந்தாள்.

மடித்துக்கொண்டிருந்த வெள்ளைத் துண்டை மறுபடி பிரித்தாள். ஓரத்தில் ஒரு கறை. இதே துண்டில் நேற்று இரண்டு கறை இருந்தது. இரண்டும் பீட்ரூட் என்றுதான் அவன் சொன்னான். வெந்நீரும் சோப்பும் போட்டு அலசியதில் ஒன்று ரோஜா நிறமாகக் கரைந்து போயே போய்விட்டது. இன்னொன்று பழுப்பாக மாறி, நூலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. வெந்நீர் பட்டால் எந்தக் கறை இப்படிப் பிடிவாதம் பிடிக்கும் என்று எந்தப் பெண்ணுக்கும் யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

பீட்ரூட் சாற்றைக் கொண்டுவந்தவர் மூச்சு மாஸ்டர். மூச்சடக்கிக் கடலில் இறங்குகிற இந்தக் குழுவுக்கு அவர்தான் தலைவர், தத்துவம் எல்லாம். ஓட்டல் வரவேற்பறையில்கூடச் செருப்பில்லாமல்தான் நடப்பார், மண்ணோடு தொடர்பு விட்டுப்போகக்கூடாதாம். மொசைக் தரை சுட்டால் போட்டுக்கொள்ள ஒரு ஜோடியை அவர் மனைவி பையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வருவாள். "ரத்தக்குழாய் விரியும், மூச்சு மிச்சமாகும். இறங்கறதுக்கு மூணு மணி நேரம் முன்னாடி ஒரு பாட்டில்," என்று முதல் கூட்டத்தில் அவர் சொன்னது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அன்றிலிருந்து ஆளுக்கொரு கண்ணாடி பாட்டில், கோவில் யானைக்கு நெற்றிப்பட்டம் மாதிரி, எல்லோர் கையிலும் சிவப்பாகத் தொங்கியது. அவள் புருஷனும் வைத்திருந்தான். ஆனால் அவன் காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பிப் போவான். பாட்டில் மூடி கழலாமல், கடலில் கட்டியிருக்கும் மிதவைக்குப் போகும். கடலிலிருந்து ஏறிய பிறகுதான் திறப்பான். வாய் கொப்பளிக்கிறவன் மாதிரி குடிப்பான்.

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க."

வந்தான். துண்டைப் பார்த்ததும் சிரித்தான். கொஞ்சம் சீக்கிரமாகவே சிரித்துவிட்டான்.

"பீட்ரூட்டும்மா."

"நேத்தும் அதான் சொன்னீங்க. ஒண்ணு போயிடுச்சு, ஒண்ணு போகல. ஒரே பீட்ரூட் ஒரே துண்டுல ரெண்டு விதமா நடந்துக்குமா?"

"நீ கண்ணாடிக் கடையில இருக்கியா, போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கியா?"

"முன்னாடி குடிக்கறத நீங்க ஏன் பின்னாடி குடிக்கறீங்க?"

அவன் கழுத்து லேசாக முன்னால் நீண்டது. "பின்னாடி குடிச்சாலும் நல்லதுதான்னு மாஸ்டரே சொன்னாரு."

"நாளைக்குப் போகாதீங்க."

"எண்பத்தொண்ணு மீட்டர். ஒரே ஒரு தடவை. அப்புறம் நீ மாடிப்படி ஏறாதன்னாலும் ஏறல."

"லிஃப்ட் மெக்கானிக் மாடிப்படி ஏறாட்டி யாருக்கு என்ன நஷ்டம்?" என்றாள் அவள். அவன் இந்த முறை நிஜமாகவே சிரித்தான். சிரிப்பு பாதியில் இருமலாக மாறப் பார்த்தது. திரும்பிக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டான். குழாய்ச் சத்தம் வெகுநேரம் கேட்டது.

அத்தனை ஆழத்தில் தண்ணீர் நெஞ்சை நெருக்கி நுரையீரலைக் கசக்கிவிடும். உள்ளே சின்ன ரத்தக்குழாய் ஏதாவது கிழிந்தால், மேலே வந்த கொஞ்ச நேரத்தில் இருமலோடு ரத்தம் வரும். சில வாரம் தண்ணீர்ப் பக்கம் போகாமல் இருந்தால் ஆறிவிடும். ஆறாமல் மறுபடி இறங்கினால் என்ன ஆகும் என்பதற்குக் குழுவில் ஒரு சாட்சி இருந்தாள். சுண்டெலி என்று செல்லமாகக் கூப்பிடப்பட்ட பெண். போன வருஷம் விரலைக் காட்டி, ஓகே சொல்லி, நடுவரிடம் செல்லும் என்கிற வெள்ளை அட்டையும் வாங்கிவிட்டு, அன்று சாயங்காலம் ஆக்ஸிஜன் குழாயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இப்போதும் படி ஏறினால் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறுகிறாளாம். "ஓய்வில் இருக்கிறாள்" என்று குழு அதற்குப் பெயர் வைத்தது. குழுவின் புது போட்டோவில் அவள் நின்ற இடத்தில் ஒரு கொடிக்கம்பம் நின்றது.

சாயங்காலக் கூட்டத்தில் மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு பேசினார். "ஆழங்கறது நம்பர் இல்ல. கடல் கூப்பிடுது, நாம போறோம். இங்க போட்டியே கிடையாது. நாம எல்லாம் ஒரே குடும்பம்." கண்ணைத் திறந்ததும், மறுநாள் அவரவர் இறங்கப்போகும் ஆழத்தை எழுதிப் பெட்டியில் போடச் சொன்னார். குடும்பம் மொத்தமும் பரீட்சை ஹாலில் உட்கார்ந்த மாதிரி இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதியது. கடல் கூப்பிடுவது பக்கத்து ஆளுக்குக் கேட்டுவிடக்கூடாது.

எண்பது மீட்டர் சாதனைக்குச் சொந்தக்காரரான வக்கீல், பாட்டிலை ஆட்டிக்கொண்டே வந்தார். "தம்பி, எண்பதுக்குக் கீழ என்ன இருக்கு தெரியுமா? வெறும் இருட்டு."

"உங்க காலுக்குக் கீழ இருட்டாத்தானே சார் இருக்கும்," என்றான் அவள் புருஷன்.

எல்லோரும் சிரித்தார்கள். வக்கீலும் பல் தெரியாமல் சிரித்தார். "ஏம்மா, இவனைக் கொஞ்சம் பாத்துக்கங்க," என்றார் அவளிடம். அந்தச் சொல்லில் அக்கறை இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

போட்டியின் டாக்டரம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று துண்டைக் கைப்பையில் சுருட்டி வைத்திருந்தாள். டாக்டரம்மாவின் அறைக் கதவு வரைக்கும் போனாள். உள்ளே மாஸ்டரின் குரல் கேட்டது, "என்ன அத்தான் நீங்க!" என்று டாக்டரம்மா செல்லமாகச் சிணுங்குவதும் கேட்டது. மாஸ்டரின் கொழுந்தியாள்தான் டாக்டரம்மா என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரே குடும்பம் என்று அவர் சொன்னதில் இந்த அளவு உண்மை இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. துண்டோடு திரும்பி வந்தாள். சொல்லி, அது வெறும் பீட்ரூட்டாகவே இருந்துவிட்டால்? எண்பத்தொன்றைத் தன் வாயால் கெடுத்தவள் என்று ஆயுசுக்கும் அவன் முகத்தில் எழுதியிருக்கும். சொல்லாமல், அது ரத்தமாக இருந்துவிட்டால்? அந்த இரண்டாவது கேள்வியை அவளால் முழுசாகக் கேட்டுக்கொள்ளக்கூட முடியவில்லை.

காலையில் அவன் கால் மடக்கி உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, பாட்டிலில் இருந்ததை வாஷ்பேசினில் கொட்டினாள். மூன்று முறை கழுவினாள். நிறையத் தண்ணீர் பிடித்து மூடினாள். நடுவர்கள் வெளியூர்க்காரர்கள், அவர்களில் யாருக்கும் இங்கே அத்தானும் இல்லை, கொழுந்தியாளும் இல்லை. வாயில் ரத்தம் தெரிந்தால் வெள்ளை அட்டை சிவப்பாகிவிடும், அதோடு மூன்று மாசம் கடலில் கால் நனைக்கக்கூடாது. தெரியாவிட்டால், தாகத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த பெண்டாட்டி என்பதோடு போயிற்று. நேரே போய்ச் சொல்லத் தைரியம் இல்லாதவள் இப்படித்தான் செய்வாள் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு, பாட்டிலைத் துண்டில் சுற்றினாள்.

மிதவையில் ஆளுக்கொரு துணை நிற்கலாம். புருஷனுக்கு அவள். வக்கீல் அன்று எழுபத்தைந்தோடு திரும்பி மிதவையில் ஏறி, தலையில் துண்டு போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். அவன் தண்ணீரில் மல்லாந்து மிதந்தான், கடைசி மூச்சை மீன் மாதிரி விழுங்கினான், கவிழ்ந்தான். காலில் மாட்டிய துடுப்பு ஒருமுறை பளபளத்தது. பிறகு கயிறு மட்டும் நடுங்கியது. ஒலிபெருக்கியில் ஒருவன் ஆழத்தைச் சொல்லிக்கொண்டே போனான், லிஃப்டில் மாடி எண்ணுவது மாதிரி. எண்பத்தொன்று என்று அவன் கத்தியபோது எல்லோரும் கைதட்டினார்கள். அவள் தட்டவில்லை. கயிற்றின் நடுக்கம் மேல்நோக்கி வருகிறதா என்று பார்த்தாள்.

வந்தான். "மூச்சு! மூச்சு எடுங்க!" என்று கத்தினாள். உதடு நீலமாக இருந்தது. கிளிப்பைக் கழற்றினான். விரல் வளையம். "ஐ ஆம் ஓகே." உதடு பிரிந்தும் பிரியாமலும் சொன்னான். சீட்டை நீட்டினான். மூன்று நடுவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெள்ளை அட்டை உயர்ந்தது.

மிதவை ஆடியது. மாஸ்டர் பாதி உடம்போடு தண்ணீரில் இறங்கிக் கட்டிக்கொண்டார். நாலைந்து பேர் அவனைக் கை கொடுத்து மேலே தூக்கி உட்காரவைத்தார்கள். "அண்ணே, இங்க பாத்து ஒரு சிரிப்பு!" என்று கேமராக்காரன் கூவினான். அவன் வாயை மூடியபடி தலையை ஆட்டினான். நெஞ்சு உள்ளுக்குள் ஒருமுறை குலுங்கியது. கை பின்னால் நீண்டு பாட்டிலுக்குத் துழாவியது.

அவள் கொடுத்தாள்.

வெயில் பாட்டிலுக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. அவன் அதைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். கன்னம் லேசாக உப்பியிருந்தது. கோபமா கெஞ்சலா என்று தெரியாத ஒரு பார்வை. நடுவர்களில் ஒருவர் அட்டையை இறக்காமல் குனிந்து கவனிக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் வக்கீல் எழுந்தார். தன் சாதனை போன சோகமெல்லாம் முகத்தில் அப்படியே இருக்க, தன் பாட்டிலின் மூடியைத் திருகி அவன் பக்கம் நீட்டினார். "இந்தா தம்பி. என்னுதைக் குடி. சீக்கிரம்." அந்தப் பக்கத்திலிருந்து மாஸ்டரின் ஈரக் கை இன்னொரு பாட்டிலோடு வந்தது. பின்னாலிருந்து, பெயர்கூட அவளுக்குத் தெரியாத யாரோ ஒருவன், மூன்றாவதை நீட்டினான். யாரும் எதற்கு என்று கேட்கவில்லை. எல்லாப் பாட்டிலும் நிறைய இருந்தது. இறங்குவதற்கு முன்னால் ஒருவரும் ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை.

அவள் வெள்ளைத் துண்டை உதறி, இரண்டு கையிலும் விரித்து, அவன் மோவாய்க்குக் கீழே பிடித்தாள்.

"துப்புங்க," என்றாள்.

சுற்றிலும் சிவப்பு பாட்டில்கள் வெயிலில் ஆடாமல் நின்றன. அவன் துண்டைப் பார்த்தான், பாட்டில்களைப் பார்த்தான். கழுத்து லேசாக முன்னால் நீண்டது.