மூன்றாம் பகுதியை மட்டும் படித்தவர்

பிரமாதமாக எழுதியிருக்கிறீர்கள் என்கிறாரே, எந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுச் சொல்கிறார்?

எதிரே உட்கார்ந்திருந்தவரிடம் அவள் அதைக் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிவைத்தாள். துறைத்தலைவரின் அறை அது. மேசைமேல் தேநீர், யாரும் தொடாத ஒரு பிஸ்கட் தட்டு. வந்திருந்தவர் தலைநகரத்தில் ஏதோ கொள்கை ஆய்வு மையம் என்று சொல்லிக்கொண்டார். என்ன மையம், யார் நடத்துவது என்பதை அவர் கொடுத்த விசிட்டிங் கார்டு சொல்லவில்லை. கார்டு மட்டும் நல்ல கனம்.

அவள் அந்தப் பல்கலைக்கழகத்தின் சர்வதேச உறவுகள் துறையில் தற்காலிக விரிவுரையாளர். ஆண்டு விடுமுறை வந்தால் வேலை போகும். பிறகு யாராவது மனம் வைத்தால் திரும்ப வரும். இந்த முறை நிரந்தர இடம் ஒன்று காலியாக இருந்தது. அதற்குப் பரிந்துரையில் கையெழுத்துப் போட வேண்டியவர் தலைவர். எந்தப் பேச்சிலும் அவர் விஷயத்துக்கு வருவதற்குள் மணி அடித்துவிடும் என்பதால் மாணவர்கள் அவருக்கு ‘முன்னுரை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். இன்று முன்னுரை வாயே திறக்கவில்லை.

காலையில் அக்கா போனில் சொல்லித்தான் அனுப்பினாள்.

“பெரிய இடத்துலேருந்து உன்னைத் தேடி வர்றாங்க. கொஞ்சம் சிரிச்ச முகமா இரு. யாராவது சிரிச்சா நீ உடனே பல்லை எண்ண ஆரம்பிச்சுடுவே.”

“நான் எப்பக்கா எண்ணினேன்?”

“உங்க மாமா எனக்கு மொதமொதல்ல பூ வாங்கிட்டு வந்தப்ப, எதுக்கா இருக்கும்னு என்னை உட்கார வெச்சு விசாரிச்சது யாருடி?”

“மறுநாளே அவர் உன் வளையலைக் கழட்டித் தரச் சொன்னாரா இல்லையா?”

“அது வேற விஷயம். வெச்சுடறேன்” என்றாள் அக்கா.

முனைவர் பட்ட ஆய்விலிருந்து அவள் எழுதிய கட்டுரை இரண்டு நாடுகளுக்கு நடுவே ஓடும் ஓர் ஆற்றைப் பற்றியது. அரசாங்கங்கள் முறைத்துக்கொண்டு நிற்கும்போதும் இரு கரைக்காரர்களும் எப்படி விட்டுக்கொடுத்து வாழ்கிறார்கள் என்று ஆராய்ந்திருந்தாள். முதல் பகுதி முழுக்க ஒப்பந்தங்கள், இரண்டாவது கோட்பாடு. மூன்றாம் பகுதியில்தான் மனிதர்கள் வந்தார்கள். தண்ணீர் வற்றும் மாதங்களில், எந்த அனுமதியும் இல்லாமல் ஆற்றைக் கடந்துபோய், அக்கரையில் வாழ்க்கைப்பட்ட மகளைப் பார்த்துவரும் ஒரு பெண்ணும் அதில் இருந்தாள்.

விருந்தாளி இதுவரை கேட்டதெல்லாம் மூன்றாம் பகுதியிலிருந்துதான். எந்த மாதம்? தண்ணீர் முழங்காலளவா, இடுப்பளவா? வெளிச்சத்தில் போகிறார்களா, இருட்டிய பிறகா? ஏன் போகிறார்கள் என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவள் மாய்ந்து மாய்ந்து எழுதியது அந்த ஏனைப் பற்றித்தான்.

எனக்குத்தான் புத்தி கோணிக்கொண்டதோ என்றும் நினைத்தாள். யாராவது படிக்கமாட்டார்களா என்று வருடக்கணக்கில் ஏங்கிவிட்டு, படித்தவர் வந்து உட்கார்ந்ததும் துருவுகிறார் என்று சந்தேகப்படுவது என்ன பிழைப்பு? அவர் வெறும் ஆர்வக்கோளாறாக இருக்கலாம். ஆறுகள் பிடித்தவராக இருக்கலாம்.

“மேடம், அந்தத் தையல்கார அம்மா கதையைப் படிச்சப்ப எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு” என்றார் அவர்.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

அச்சில் வந்த கட்டுரையில் தையல்காரி கிடையாது. பெயரை மாற்றுவது இந்தத் துறையில் எல்லோரும் செய்வது. சின்ன ஊரில் தொழிலைச் சொன்னாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்து, கடைசித் திருத்தத்தில் அவள் தொழிலையும் மாற்றி, ஆற்றைக் கடக்கும் அந்தப் பெண்ணை முட்டை வியாபாரியாக்கியிருந்தாள். தையல்காரி இருந்தது முதல் பிரதியில். அதைப் படித்துப்பார்க்கச் சொல்லி அவள் கொடுத்தது ஒரே ஒருவரிடம்.

முன்னுரையைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பிஸ்கட் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதையெல்லாம் எழுதினா எனக்கு என்னம்மா கிடைக்கும்?” என்று அந்தத் தையல்காரி, மிஷினை நிறுத்தாமலே, ஒருநாள் கேட்டிருந்தாள்.

“ஒண்ணும் கிடைக்காதுக்கா. ஆனா உங்களுக்கு ஒரு கெடுதலும் வராது. அதுக்கு நான் பொறுப்பு.”

“உனக்கு?”

“எனக்குப் பட்டம் கிடைக்கும்.”

“அப்ப நல்லா எழுது. ரெண்டு பேர்ல ஒருத்திக்காவது ஆகட்டும்.”

அன்று இருவரும் சிரித்தார்கள். இன்று நினைத்தபோது அவளுக்குக் கூசியது. பட்டம் அவளுக்கு வந்துவிட்டது. ஆள் சிக்கினால் சிறை தையல்காரிக்கு. சிக்காமல் ஆற்றங்கரையில் காவல் மட்டும் போட்டாலும் மகள் முகத்தை இனி அவள் பார்த்தாற்போலத்தான்.

“எங்க குழு சீக்கிரமே அங்க போகுது” என்றார் விருந்தாளி. “நீங்க கூட வந்தா போதும். தெரிஞ்ச முகம் பாருங்க, மனசு விட்டுப் பேசுவாங்க.”

“பேசி?”

“அவங்க நல்லதுக்குத்தான் மேடம். நாளைக்கு ஒரு பாலமே வரலாம்.”

“பாலம் கட்டறதுக்கு, இருட்டுல போறாங்களா வெளிச்சத்துல போறாங்களான்னு எதுக்கு சார் தெரியணும்?”

அவர் புன்னகை மாறவில்லை. தலைவர் தொண்டையைச் செருமினார்.

“உன் பரிந்துரை என் மேசை மேலதாம்மா இருக்கு. இன்னிக்கே அனுப்பிடலாம்னு…”

அவர் வாழ்நாளில் பேசிய மிகச் சுருக்கமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

“முதல் பிரதியை இவர்கிட்ட எப்ப சார் குடுத்தீங்க?” அவள் குரல் உயரவில்லை.

“ஆய்வுன்னா நாலு பேருக்குப் பயன்படணும்மா.”

“அந்த நாலு பேர் யாருன்னு தெரிஞ்சுக்கலாமா?”

அவர் மறுபடி தட்டைப் பார்த்தார்.

“விடுங்க மேடம், நீங்க வரவே வேண்டாம்” என்று விருந்தாளி தணிந்த குரலில் சமாதானம் சொன்னார். “அந்தக் கரையில தையல்காரங்க நிறைய பேர். ஊரெல்லாம் கேட்டுத் திரிஞ்சா நல்லாவா இருக்கும்? அந்த அம்மா வீடு படகுத்துறைக்கு மேல் பக்கமா, கீழ்ப் பக்கமா? அது ஒண்ணு சொன்னா போதும்.”

கேட்பது எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று அவள் நினைத்தாள். ஒரே சொல். சொன்னால் சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்து, நிரந்தரமாகிவிட்டது என்று சொல்லலாம். காலையிலிருந்து அரித்துக்கொண்டிருந்த சந்தேகம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. இனி சந்தேகப்பட அங்கே ஒன்றும் இல்லை.

“அதைச் சொல்றதுக்கில்லை சார்” என்றாள். பிறகு எழுந்து, நாற்காலியை ஓசைப்படாமல் மேசைக்கு அடியில் தள்ளினாள்.