செர்ரிப் பாகு

பார் திறக்க இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. பின்பக்கச் சமையலறையில் அண்ணனும் தங்கையும் ஒரு கூடை செர்ரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். கொட்டையை எடுத்து, ஜாடியில் நிரப்பி, அடுப்பில் கொதிக்கும் பாகையும் மதுவையும் ஊற்றி மூடவேண்டும். அண்ணன் அங்கே பதினோரு வருடமாக மது கலக்கிறவன். காக்டெய்லில் அவன் போடும் அந்த ஒற்றைச் செர்ரிக்காகவே வருகிறவர்கள் உண்டு.

புருஷனின் அடி தாங்காமல் ஓடிவந்த தங்கைக்கு இந்த வேலையை வாங்கித் தந்தவனும் அவன்தான். "அந்த நாய் இந்தப் பக்கம் வரட்டும், கையைக் காலை முறிச்சிடறேன்" என்று தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடுவான்.

"சரிண்ணா, முதல்ல கொட்டையை எடு" என்பாள் அவள்.

அன்று புருஷன் வந்தேவிட்டான். சரக்கு இறக்கத் திறந்து வைத்திருந்த பின்கதவு வழியாக நுழைந்து, நேராகப் போய் அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தான்.

"வீட்டுக்கு நடடி."

அவள் மேசையை இறுகப் பற்றிக்கொண்டாள். அவள் முகத்தை அந்த மேசையிலேயே மோதினான். ஒரு தடவையல்ல, மூன்று தடவை. மூக்கு உடைந்தது. ஒரு ஜாடி உருண்டு சிதறியது.

அண்ணன் நான்கடி தள்ளி நின்றான். "மாப்பிள்ளை... வேணாம் மாப்பிள்ளை..." கால்கள் மரத்துப்போயின.

"பொத்திக்கிட்டு நில்லு மச்சான்!" என்ற புருஷன், உடைந்த கண்ணாடித் துண்டை எடுத்து அவள் கழுத்தில் வைத்தான்.

அவள் கை துழாவி அடுப்பைத் தொட்டது. பாகுச் சட்டியின் பிடி கிடைத்ததும், உடம்பை ஒரு வெட்டு வெட்டித் திரும்பி, பாகை அவன் முகத்திலேயே வீசினாள். பாகு தண்ணீரைப்போல் வழிந்துவிடாது. ஒட்டிக்கொண்டு தோலை உரிக்கும். அவன் அலறியபடி சுருண்டு விழுந்தான். காலிச் சட்டியாலேயே அவனை அடித்தாள். திரும்பத் திரும்ப அடித்தாள்.

அப்போதுதான் அண்ணனுக்குக் கால் வந்தது. ஓடிப்போய் அவளைத்தான் பிடித்தான்.

போலீஸ் வந்ததும் அவன் முந்திக்கொண்டான். "நான்தான் சார் ஊத்தினேன்."

துண்டால் மூக்கை அழுத்தியபடி அவள் நிமிர்ந்தாள். "பொய் சார். நான்தான் ஊத்தினேன். இவரு நின்னுக்கிட்டு இருந்தாரு."

ஆஸ்பத்திரி நடையில் அண்ணன் அழுதான். "உன்னைக் காப்பாத்தத்தானே சொன்னேன்!"

"அதுக்கான நேரம் அப்பவே போயிடுச்சுண்ணா."

தற்காப்புக்காகச் செய்தது என்று வழக்கு முடிந்தது. ஒரு கண்ணை இழந்த புருஷன் சிறைக்குப் போனான். அவளுக்கு வேறொரு ஊரில் வேலை கிடைத்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையம்வரை அண்ணனும் போனான். ஏறும்முன் அவளே அவன் கையைப் பிடித்தாள்.

"உன்மேல கோபமில்லண்ணா. ஆனா உன்னை நம்பி இருக்கேன்னு இனிமே யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

அவன் பெட்டியை ஏற்றிக் கொடுத்தான். பேருந்து கண்ணைவிட்டு மறைந்த பிறகும் அங்கேயே நின்றிருந்தான்.