ஏரியில் இருமல் சத்தம்

1973ஆம் வருஷம் மார்கழி எட்டாம் தேதி கீழ்பென்னாத்தூர் ஏரியில் இறங்கிய வாத்து, இறங்கியதும் மூன்று தடவை இருமியது. சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலை, தலையின் பின்பக்கம் இரண்டு கறுப்புக் கோடு. அப்படியொரு பறவையை ஊரில் யாரும் பார்த்ததில்லை. இருமலைத்தான் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பீடிக்கடை சாந்த் பாஷா கரைக்கு வந்து காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "நம்ம கோதண்டராமன் இருமல்தான், சந்தேகமே வேணாம். பீடிக் கட்ட கையில வாங்கறதுக்குள்ள மூணு வாட்டி இருமுவான்," என்றார்.

மூட்டை தூக்கிப் பிழைத்த கோதண்டராமன் முந்தின வருஷம் தீபம் பார்க்கத் திருவண்ணாமலை போனவன். மலையைச் சுற்றிவிட்டு வந்துவிடுவதாகச் சொன்னான், வரவில்லை. செத்தான் என்றும் சேதியில்லை, இருக்கிறான் என்றும் சேதியில்லை. அவன் பெண்சாதி தங்கம்மாள் பூவும் பொட்டுமாகத்தான் இருந்தாள். ஆனால் பூ வைக்கும்போதெல்லாம் கை ஒரு கணம் நின்றது. வாத்து வந்த பிறகு நிற்கவில்லை.

ஊரார் கரையில் நின்று "டேய் கோதண்டம்!" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டார்கள். வாத்து திரும்பவில்லை. பெண்சாதி கூப்பிட்டால்தான் வரும் என்று முடிவாயிற்று. தங்கம்மாள் ஊறவைத்த வேர்க்கடலையை முந்தானையில் ஏந்திக்கொண்டு "ஏங்க" என்றாள். கரையிலிருந்த கல்யாணமான ஆம்பிளைகள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வாத்து மட்டும் பார்க்கவில்லை.

"பேரச் சொல்லு அண்ணி," என்றாள் நாத்தனார் சந்திரம்மாள். "ஊர்ல எத்தினி ஏங்க இருக்குது!"

"கட்டின புருஷன் பேரச் சொன்னா அவருக்கு ஆயுசு கம்மியாயிடும்டி."

"தண்ணியில கெடக்குது. அதுக்கு இன்னும் என்னா ஆயுசு?"

"எங்கியோ உயிரோட பறக்குதில்ல. அது போதும் எனக்கு."

மாசி பிறந்ததும் வாத்து வடக்கே போயிற்று, அடுத்த மார்கழியில் வந்தது. இப்படியே பத்து மார்கழி. ஏரி காய்ந்த வருஷத்தில்கூட வந்து, சேற்றில் உட்கார்ந்து இருமிவிட்டுத்தான் போயிற்று. 1980இல் டவுன் காலேஜில் விலங்கியல் நடத்தும் அருணகிரி, கழுத்தில் பைனாகுலரோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். இமயமலைக்கு அந்தப் பக்கத்துப் பறவை, இங்கே வருவது அபூர்வம் என்றார். உள்ளூரில் இதற்கு என்ன பேரம்மா என்று தங்கம்மாளைக் கேட்டார். "தெரியும் சார், நான் சொல்லக் கூடாது," என்றாள். அவரும் நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டார்: உள்ளூர்ப் பெயர் உண்டு, சொல்வதில்லை.

பதினோராவது மார்கழியில் வாத்து ஒரு சிறகு தொங்கத் தொங்க வந்து விழுந்தது. இருமல் மூன்றோடு நிற்கவில்லை. வேர்க்கடலையைத் தொடவில்லை. தங்கம்மாள் நாலு நாள் கரையிலேயே உட்கார்ந்து பார்த்தாள். இருக்கிற ஆயுசையும் அது தனியாக, நடு ஏரியில், இருமியே தீர்த்துக்கொண்டிருந்தது. ஐந்தாம் நாள் காலை பனி விலகுமுன் தண்ணீர் ஓரத்தில் போய் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பாதி மூடிக்கொண்டு, "கோதண்டராமன்" என்றாள். பழக்கமில்லாததால் பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுப்பதுபோல் இருந்தது.

வாத்து திரும்பிப் பார்த்தது. நேராக நீந்தி வந்து கரையேறி, அவள் மடியில் தலையை வைத்தது.

"இம்மாம் நாளா எங்கங்க போனீங்க?"

ஒரு தடவை இருமியது. வெயில் ஏறுவதற்குள் ஆயுசு முடிந்துவிட்டது.

"என் வாயாலயே முடிச்சிட்டேன்டி," என்றாள் தங்கம்மாள்.

"இல்ல அண்ணி. வூட்டுக்குக் கூப்ட்ட, வந்துச்சு," என்று சந்திரம்மாள் அவள் தலையிலிருந்த பூவைத் தடவித் தடவி அழுதாள்.

சாந்த் பாஷா கடையைச் சாத்திவிட்டு வந்தார். பறை வந்தது, மாலை வந்தது. வாத்து ஒரு முழத்துக்குக் கொஞ்சம் ஜாஸ்தி, அவ்வளவுதான். இருந்தாலும் பாடையைத் தூக்க நாலு பேர் வேண்டியிருந்தது. வழியில் இரண்டு இடத்தில் தோள் மாற்றினார்கள். கடலை மூட்டை தூக்கின உடம்பு, கனக்கத்தான் செய்யும் என்று பேசிக்கொண்டே சுடுகாடு வரைக்கும் போனார்கள்.