‘ங்க’ போடாமல் ஆட்டிய ஸ்டியரிங்

தொண்ணூற்று நான்காம் வருடம் ஆவணி மாதம் வெங்கடபதி முதலாளியின் சிவப்புக் கார் மூன்றாவது தடவையாக எங்கள் பட்டறைக்கு வந்தது. கோவையை அடுத்த துடியலூரில் மேட்டுப்பாளையம் ரோட்டை ஒட்டி யாகூப் பாயின் பட்டறை. நான் அங்கே கிரீஸ் அடிக்கிறவன், வண்டி கழுவுகிறவன், குழிக்குள் இறங்குகிறவன். பாய்க்கு வயிறு பெரிது. அவர் குழிக்குள் இறங்கினால் மேலே தூக்கிவிட இரண்டு ஆள் வேண்டும். அதனால் எல்லா வண்டிகளின் அடிவயிற்றையும் அண்ணாந்து பார்த்துப் பார்த்து என் கழுத்துதான் தேய்ந்தது.

அந்தக் கார் இரண்டே பேர் உட்காரும், கூரை இல்லாத வெளிநாட்டுக் கார். என் மூத்த மகளைவிட வயதில் பெரியது. பம்புசெட் கம்பெனி நடத்தும் முதலாளி அதைக் குன்னூர் எஸ்டேட்டில் ஒருவரிடம் வாங்கினார். அதை ஓட்டும்போது மட்டும் ஒரு தொப்பி போட்டுக்கொள்வார்.

நோய் இதுதான். ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும். நேராகப் போ என்றால் ரோட்டின் இரண்டு ஓரத்தையும் நலம் விசாரித்துக்கொண்டே போகும். வேலை விவரம் எழுதும் சிலேட்டில் நான் ‘வண்டி அலையுது’ என்று எழுதி வைத்தேன். ஒரு மாதமாக அதை அழிக்க முடியவில்லை. டயரில் காற்று சரிபார்த்தோம். சக்கரங்களை நேர்பிடித்தோம். பேரிங்கை இறுக்கினோம். இரண்டு டை ராடு எண்டையும் புதிதாக மாற்றினோம். ஒவ்வொரு தடவையும் முதலாளி சரியாகிவிட்டது என்று நம்பிக்கொண்டு போவார். இரண்டே நாளில் நம்பிக்கை தீர்ந்து திரும்பி வருவார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் முகம் வெளிறியிருந்தது. ஆஸ்பத்திரியில் பேசுகிற மாதிரிக் குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சத்தியமங்கலத்தில் வீட்டுக்கார அம்மாவின் தங்கை மகளுக்குச் சீர். போன தடவை இந்தக் காரில் அந்த அம்மா போகவர எண்பது மைலும் கண்ணை மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம். இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டு போக முடிந்தால் கார் வீட்டில் இருக்கலாம். இல்லாவிட்டால் திங்கட்கிழமை ஈரோட்டு மஞ்சள் மண்டிக்காரர் ஒருவர் வந்து ஓட்டிக்கொண்டு போய்விடுவார், பேசி முடித்தாயிற்று. இதைச் சொல்லிவிட்டு முதலாளி காரின் மூக்கைத் தடவிக் கொடுத்தார்.

வண்டியைக் குழிமேல் நிறுத்தினோம். இந்தச் சோதனைக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடமும் வலமும் ஆட்ட வேண்டும். இன்னொருவர் கீழே இருந்து எந்த இணைப்பு தொளதொளக்கிறது என்று பார்க்க வேண்டும். மேலே முதலாளி, கீழே நான், ஓரத்தில் டார்ச்சுடன் பாய்.

“கொஞ்சம் ஆட்றீங்களாங்க” என்றேன். அவர் ஆட்டினார். என் தொண்டையில் தூசி போய் இருமினேன். ஏதோ பட்டுவிட்டது என்று அவர் உடனே நிறுத்தி, போதுங்களா என்று கேட்டார். போதாது என்று முதலாளியிடம் எப்படிச் சொல்வது? போதுங்க என்றேன். பாய், இன்னொரு தடவை பார்க்கலாங்களா என்று கேட்டார். பார்க்கலாங்க என்றார் முதலாளி. இந்த மரியாதையிலேயே அரை மணி நேரம் போனது. ஒரு நட்டுகூட அசையவில்லை. முந்தின இரண்டு தடவையும் இப்படித்தான் பார்த்தோம்.

அப்போது வெள்ளை ஃபியட்டைத் தானே ஓட்டிக்கொண்டு பத்மாவதி அம்மா வந்து இறங்கினார். முதலாளியின் வீட்டுக்கார அம்மா. கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஏனுங்க, ரேடியோவுல ஸ்டேஷன் தேடற மாதிரி ஆட்டினா என்னுங்க தெரியும்? எறங்குங்க” என்றார்.

முதலாளி இறங்கினார். அம்மா உட்கார்ந்து முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்டியரிங்கை ஒரு வெட்டு வெட்டினார். வண்டி முழுதும் குலுங்கி, ஒரு கிலோ மண் என் முகத்தில் கொட்டியது. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது ஏதோ ஒன்று நகர்ந்த மாதிரி இருந்தது. எது என்று தெரிவதற்குள் ஸ்டியரிங் மறுபக்கம் போய்விட்டது. நிறுத்துங்க என்று கத்தினேன். அவர் நிறுத்தியபோது எல்லாம் பழைய இடத்துக்கு வந்து சாதுவாக நின்றது. நான்கு தடவை இப்படி ஆனது.

“நஞ்சப்பா, நீ ‘நிறுத்துங்க’ன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள சக்கரம் அந்தப் பக்கம் போயிருது. அந்த ங்க-வை உட்டுப்போட்டு சொல்லு” என்றார் அம்மா.

முதியோர் வகுப்பில் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த டீச்சர் வேலூர்க்காரர். ங என்கிற எழுத்துக்கு அதிகம் வேலையில்லை, அடையாளம் தெரிந்தால் போதும் என்றார். எங்கள் ஊரில் அந்த எழுத்து இல்லாமல் ஒரு வாய் தண்ணீர் கேட்க முடியாது. அதிலும் நான். முதலாளி வீட்டார் காட்டில் களை வெட்டி வளர்ந்தவன். வாயைத் திறந்தேன், வரவில்லை. பாயைப் பார்த்தேன். அவர் டார்ச்சை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

“ஆட்டு” என்றேன். குரல் என் குரல் மாதிரியே இல்லை. என் அப்பன் கேட்டிருந்தால் அந்தக் குழியை என்மேலேயே மூடியிருப்பான்.

அம்மா ஆட்டினார்.

“நிறுத்து. மறுக்கா ஆட்டு. நிறுத்து.”

பிடிபட்டுவிட்டது. சக்கரங்களை இடமும் வலமும் தள்ளுகிற நீளக் குழாய், ஸ்டியரிங் ராக், இரண்டு கிளாம்புகளுக்குள் உட்கார்ந்திருக்கும். இடது கிளாம்புக்குள் அந்தக் குழாயே ஒரு விரல் அகலம் நகர்ந்து போய்விட்டு, அப்புறம்தான் சக்கரத்தைத் தள்ளியது. மெதுவாக ஆட்டினால் நகராது. கோபத்தோடு ஆட்டினால்தான் நகரும்.

கிளாம்பைக் கழற்றினேன். உள்ளே கெட்டியான ரப்பர் இருக்க வேண்டிய இடத்தில் கிரீஸ் ஊறிய மெத்தென்ற துண்டு ஒன்று சுருண்டு கிடந்தது. மண்ணெண்ணெயில் கழுவினேன். அடியில் நீலம், மேலே வெள்ளை. ஓரத்தில் ஒரு எண் இருந்தது. எழுத்துப் படித்ததிலிருந்து கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுப் படிக்கிற பழக்கம் எனக்கு.

“ஆறு” என்று படித்தேன்.

“ஆறா? இங்க கொண்டா” என்றார் அம்மா. வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு முதலாளியைப் பார்த்தார். “ஏனுங்க, இது என்ற ஆறாம் நம்பர் செருப்பல்லோ?”

முதலாளி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“பழைய ரப்பர் நைஞ்சு போச்சு, பத்மா. அவசரத்துக்கு அறுத்து வெச்சேன். நல்லாத்தான் இருந்துது.”

“பக்கத்து ஊட்டு நாய் தூக்கிட்டுப் போச்சுன்னு சொன்னீங்களே. அந்த ஊட்டு அம்மணிகூட ரெண்டு வருசமா எனக்குப் பேச்சு இல்லீங்க.”

பாய்க்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டார்ச்சைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். நான் குழிக்குள்ளேயே இருந்துகொண்டேன். அன்றைக்கு அதைவிடப் பத்திரமான இடம் பட்டறையில் இல்லை.

கோவை கணபதியில் ரப்பர் மோல்டிங் செய்யும் ரசாக் இரண்டு கெட்டி ரப்பர் ஊற்றிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை பொருத்தினேன். சனிக்கிழமை காலையில் இருவரும் வந்தார்கள். முதலாளி தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஸ்டியரிங் பக்கம் போனார். அம்மா அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்.

பெரியநாயக்கன்பாளையம் வரை போய்த் திரும்ப இருபது நிமிடம் ஆனது. அதற்குள் பாய் மூன்று பீடி பிடித்துவிட்டார்.

வந்தவர் இஞ்சினை நிறுத்தாமலேயே சொன்னார். “கார் ஊட்டுலயே இருக்கட்டும். சாவி எங்கிட்ட இருக்கட்டும்.”

முதலாளி, கேட்டது பாதி கிடைத்ததா முழுதும் கிடைத்ததா என்று தெரியாமல் தலையாட்டினார். அம்மா பாயிடம் சொல்லிக்கொண்டார். பிறகு கிரீஸ் துணியோடு ஓரமாக நின்ற என் பக்கம் திரும்பினார்.

“நஞ்சப்பன், வாரேனுங்க.”

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் வண்டி ரோட்டில் ஏறிவிட்டது. கோடு கிழித்த மாதிரி நேராகப் போனது, அந்தப் பழைய வண்டியிடம் நான் எதிர்பார்க்காத வேகத்தில். பக்கத்தில் முதலாளி ஒரு கையால் தொப்பியையும் மறு கையால் கதவையும் பிடித்திருந்தார். கண்ணை இறுக்கி மூடியிருந்தார்.