கோயில் கணினிக்குள் தளபதி

சியாயி நகரத்துச் சந்தையை ஒட்டிய நிலச்சாமி கோயிலில், சாமியின் பிறந்தநாளுக்கு முந்தின நாள் காலை, அலுவலகக் கணினி படுத்துவிட்டது. பொத்தானைத் தட்டினால் நீலத் திரை. அணைத்துப் போட்டால் மறுபடியும் அதே நீலத் திரை. இயந்திரம் சமர்த்தாக இருக்கட்டும் என்று அதன் தலைமேல் அந்த ஊரில் எல்லாரையும் போல் இவர்களும் வைத்திருந்த பச்சைநிற நொறுக்குத்தீனிப் பொட்டலத்தை, அலுவலகப் பெண் யுவே-சியா எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். காலாவதித் தேதி இன்னும் தாண்டவில்லை.

"பொட்டலம் நல்லாத்தான் இருக்கு. அப்புறம் ஏன் இந்த வம்பு?" என்றாள்.

சந்தையில் கணினிக் கடை வைத்திருக்கும் நிங் வந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் எதையெதையோ தட்டிவிட்டு நாற்காலியைத் திருப்பினாள்.

"ரெண்டே வழிதான் பெரியப்பா. ஒண்ணு, இருக்கிற சிஸ்டத்தை ரிப்பேர் பண்ணலாம். சாயங்காலம் வரைக்கும் இழுக்கும், சரியாயிரும்னு சத்தியம் எல்லாம் பண்ண மாட்டேன். இல்லன்னா எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஏத்தலாம். மதியச் சோத்துக்குள்ள முடிஞ்சிரும். கோயில் சமாச்சாரத்துக்கு நகல் இருக்கா?"

"எல்லாம் தனியா எடுத்து வச்சிருக்கேன்" என்றாள் யுவே-சியா.

"அப்புறம் என்ன, அழிச்சிரலாம். இல்ல, வேற ஏதாச்சும் காப்பாத்தணுமா?"

அவள் பெரியப்பா என்று கூப்பிட்டது கோயில் கமிட்டித் தலைவர் லியாவ் சுன்-சிங்கை. அவருக்குக் காப்பாற்ற வேண்டியது இருந்தது. அந்தக் கணினிக்குள் ஒரு விளையாட்டுக் குளம் இருந்தது. குளத்தில் அவர் ஆறு வருடமாக வளர்க்கும் கெண்டை மீன்கள் இருந்தன. அவற்றில் பெரியது, சிவப்பும் வெள்ளையுமாய், மீசையோடு, 'தளபதி' என்று அவர் பெயர் வைத்த மீன். வீட்டில் தொட்டி வைக்க மனைவி விடவில்லை. மீன் நீந்துவதைப் பார்த்தால் அவளுக்குத் தலை சுற்றுமாம். அதனால் தினமும் காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்து, சாமிக்கு ஊதுபத்தி ஏற்றிவிட்டு, தளபதிக்குத் தீனி போடுவார்.

இதைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் அதே கணினியின் நெற்றியில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது: 'இங்கே விளையாடுகிறவர் சாமியின் நேரத்தைத் திருடுகிறார்.' கீழே கையெழுத்து அவருடையது.

"சாமியைக் கேட்ருவோம்" என்றார் தலைவர்.

யாரும் ஆச்சரியப்படவில்லை. அந்தக் கோயிலில் கூரை ஓட்டின் நிறம் முதல் விருந்துக்கு எந்தக் கடைச் சோறு என்பது வரை சாமிதான் முடிவு செய்வார். பிறை வடிவத்தில் இரண்டு சிவப்புக் கட்டைகள். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் மேடு. கேள்வியைச் சொல்லிக் கீழே போட வேண்டும். ஒன்று தட்டையாகவும் ஒன்று மேடாகவும் விழுந்தால் சாமி சம்மதிக்கிறார். இரண்டும் மேடானால் கூடாது என்கிறார். இரண்டும் தட்டையானால் சாமி சிரிக்கிறார். கேள்வியில் ஏதோ கோணல்.

தலைவர் மண்டியிட்டார். "சாமி, பழசை மதிக்கணும்ங்கிறதுக்காக இந்தக் கணினியை ரிப்பேர் பண்ணலாமா?"

கட்டைகள் உருண்டன. இரண்டும் தட்டை.

"சிரிக்கிறாரு" என்றாள் யுவே-சியா.

"சரியா காதுல விழுந்திருக்காது." தலைவர் குரலை உயர்த்தினார். "சாமி, கோயிலோட நன்மைக்காக ரிப்பேர் பண்ணலாமா?"

மறுபடியும் தட்டை. பூ விற்கிற பாவ்-சூ அத்தை கூடையோடு உள்ளே வந்து நின்றாள். "என்ன தலைவரே, சாமிகிட்ட ஜோக்கா சொல்லிக்கிட்டிருக்கீங்க?"

"பெரியப்பா, சாமியே விழுந்து விழுந்து சிரிக்கிறாரு. எனக்கு நேரமாச்சு. அழிச்சிரட்டுமா?" நிங் பையிலிருந்து பென் டிரைவை எடுத்தாள்.

அந்தச் சின்னத் துண்டைப் பார்த்ததும் தலைவர் கட்டைகளை அள்ளிக்கொண்டார். சட்டென்று பீடத்தை நெருங்கி, தரையில் நெற்றி பட வணங்கி, யாருக்கும் கேட்காமல் முணுமுணுத்தார். முறைப்படி தன் பெயரையும், தெருவையும், வீட்டு எண்ணையும் சொன்னார். பிறகு, "சாமி, எனக்கு அதுக்குள்ள ஒரு மீன் இருக்கு. தளபதின்னு பேரு. அழிச்சா செத்துருவான். நான் போட்ட நோட்டீசை நானே மதிக்கல. மன்னிச்சிருங்க. அவனை மட்டும் காப்பாத்திக் குடுங்க. ரிப்பேர் பண்ணலாமா?"

ஒன்று தட்டை. ஒன்று மேடு.

"ரிப்பேர்!" என்று கத்திக்கொண்டு எழுந்தார். முழங்கால் வலி கூட ஞாபகம் வரவில்லை.

நிங் பெருமூச்சு விட்டு, வான்கோழிச் சோறு ஒரு கிண்ணம் வாங்கி வரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். தலைவர் அன்று ஒரு வேலையும் செய்யவில்லை. நிங்குக்குத் தேநீர் ஊற்றினார். ஆறுவதற்குள் இன்னொன்று ஊற்றினார். அவள் முகம் சுளித்தால் இவர் முகம் வெளுத்தது.

மாலையில் முற்றம் நிறைந்துவிட்டது. பெண்கள் ஆமை வடிவச் சிவப்பு மாவுப் பண்டங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மந்திரப் பாட்டு போடுவதற்காக ஒலிபெருக்கியை யுவே-சியா கணினியோடு இணைத்து வைத்திருந்தாள். "வந்திருச்சு!" என்றாள் நிங்.

கணினி எழுந்தது. ஆனால் பாட்டுக்கு முன்னால் குளம் எழுந்தது. முற்றம் அதிர ஒரு மழலைக் குரல் கேட்டது: "பசிக்குது! தளபதிக்குப் பசிக்குது! சீக்கிரம் போடுங்க!"

முற்றத்தில் எல்லாரும் உறைந்தார்கள். பாவ்-சூ அத்தை முதலில் சுதாரித்தாள். "சாமிக்குப் பசிக்குதாம்டி!" என்று ஒரு தட்டுப் பண்டத்தோடு பீடத்துக்கு ஓடினாள்.

"நம்ம சாமி எப்போ தளபதி ஆனாரு?" என்றார் மேளக்காரர்.

"பொறந்தநாளுக்குப் பதவி உயர்வு குடுத்திருப்பாங்க. கும்பிடுய்யா, பேசாம!" என்றாள் அத்தை.

இரண்டு பேர் நிஜமாகவே விழுந்து கும்பிட்டார்கள். அலுவலக வாசலில் கூட்டம் சேர்ந்தது. திரையில் மீசை வைத்த மீன் ஒன்று வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. எல்லார் கண்ணும் மீனிலிருந்து மேலே நோட்டீசுக்குப் போயிற்று.

"யாரு இங்க மீன் வளக்குறது?" என்றார் மேளக்காரர்.

தலைவர் வாயைத் திறந்து மூடினார், மீன் மாதிரியே.

"நான்தான்" என்றாள் யுவே-சியா, சாதாரணமாக. "வேலை இல்லாதப்போ சும்மா."

தலைவர் அவளைப் பார்த்தார். பேசாமல் இருந்தால் போதும், அதோடு முடிந்துவிடும். ஆனால் இத்தனை பேர் நடுவில் அந்தப் பெண் தன் பழியைச் சுமந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டு அவரால் நிற்க முடியவில்லை.

"அவ பொய் சொல்றா. அந்த மீன் என்னோடது. ஆறு வருஷமா என்னோடது."

பாவ்-சூ அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "அடப்பாவி தலைவரே! சாமிக்கு வச்ச பண்டத்தை உங்க மீனுக்கா படைச்சேன்?" முற்றமே சிரித்தது. நிங்குக்குத் தேநீர் மூக்கில் ஏறியது. தலைவருக்குக் காது சிவந்தாலும், நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிப் போயிருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு மெதுவாகக் கேட்டார். "ஏம்மா என் பழியை நீ ஏத்துக்கிட்டே?"

"முழுப் பொய்யும் இல்ல பெரியப்பா. போன வருஷம் குடலிறக்க ஆபரேஷன்னு ஒரு மாசம் வீட்டுல கெடந்தீங்களே, அப்போ யாரு தீனி போட்டாங்கன்னு நெனச்சீங்க?"

"சாமின்னு நெனச்சேன்."

யுவே-சியா சிரித்தாள். தலைவர் பீடத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஊதுபத்திச் சாம்பல் படிந்த அவள் விரல்களைப் பார்த்தார். தான் நினைத்தது தப்பென்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"இன்னிக்கும் நீயே போடு" என்று நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். "கொஞ்சம் அதிகமாவே போடு. பாவம், காலையிலேருந்து பட்டினி."